ஆயா கொடுத்த சமையல் புத்தகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டு வீடுகளில் கைமாறி வரும் சமையல் புத்தகங்கள் இரண்டு விதம். ஒன்று, கோடு போட்ட நோட்டிலோ பழைய கணக்குப் பேரேட்டில் மிஞ்சிய தாள்களிலோ கையால் எழுதியது. மற்றது, கடையில் வாங்கிய அச்சுப் புத்தகம், ஓரமெல்லாம் பேனாவால் திருத்தியது. அப்பத்தா, ஆயா (அம்மாவின் அம்மா), அயித்தை, சின்னாத்தா என்று யாரிடமிருந்தாவது அப்படி ஒன்று கைக்கு வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்குப் பதில்கள் கீழே.

அதே புத்தகத்தின் புதுப் பதிப்பு கடையில் கிடைக்கிறது. எண்ணெய் ஊறிய பழசை எதற்கு வைத்திருக்க வேண்டும்?

புதுப் பதிப்பில் அச்சடித்தது மட்டும்தான் இருக்கும். பழசில் உங்கள் வீடு எப்படிச் சமைத்தது என்பதும் இருக்கிறது. அச்சில் 'மிளகாய் 12' என்றிருக்கும்; ஓரத்தில் '8 போதும்' என்று பென்சிலில் இருக்கும். ஒரு குறிப்பின் தலையில் கோடு கிழித்திருந்தால் செய்து பார்த்துச் சரிவரவில்லை என்று பொருள். ஒரு பெயர் எழுதியிருந்தால், அநேகமாக அந்தப் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தவர் பெயர் அது.

கறைக்கும் கணக்கு உண்டு. அழுக்கேறிய பக்கம் அடிக்கடி அடுப்படிக்குப் போன பக்கம். பளிச்சென்று இருப்பது யாரும் தொடாதது. கட்டு உறுதியாக இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். புத்தகத்தை முதுகு மேசையில் படும்படி நிறுத்தி, இரு கையையும் மெல்ல எடுங்கள். தானாக விரியும் இடம்தான் அந்த வீட்டில் அதிகம் செய்த பலகாரம். பெரும்பாலும் மனகோலமோ அதிரசமோ இருக்கும் பக்கமாக அது அமைவதில் வியப்பில்லை. பதம் தவறினால் மொத்தமும் வீணாகும் என்பதால், எத்தனை முறை செய்தவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளும் பலகாரங்கள் அவை.

புத்தகம் கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

சுத்தம் செய்யாதீர்கள். உதறாதீர்கள். இடையில் செருகியிருக்கும் துண்டுச் சீட்டுகளை எடுத்து அடுக்கி ஒழுங்குபடுத்தவும் வேண்டாம். மளிகைப் பட்டியல், நாள்காட்டித் தாளின் பின்புறம் கிறுக்கிய அளவு, பினாங்கிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வந்த கடிதத்தின் பாதி என்று எதுவும் இருக்கும். அது எந்தப் பக்கத்தில் கிடந்ததோ அந்தப் பக்கத்துக் குறிப்போடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். இடம் மாறினால் அந்தத் தொடர்பு போய்விடும். அதனால் முதல் வேலை, அட்டை முதல் அட்டை வரை இருந்த வாக்கிலேயே படம் எடுப்பது. சீட்டு இருக்கும் இடத்தில், சீட்டோடு ஒரு படம், சீட்டை எடுத்துவிட்டு ஒரு படம், சீட்டின் பின்புறம் ஒரு படம்.

அதன்பிறகு மெல்லிய உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் நடுமடிப்பிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசியைத் தள்ளுங்கள். மாவும் சீனியும் சேர்ந்து கிடப்பது அந்த மடிப்பில்தான். பூச்சியும் எறும்பும் அங்கேதான் வரும்.

எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை எடுக்க வழி உண்டா?

எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. எடுக்கவும் முடியாது. காய்ந்துபோன எண்ணெய் தாளின் நாரோடு சேர்ந்து பழுப்பாகியிருக்கும். முகப்பவுடர் தூவுவது புதிதாகச் சிந்திய எண்ணெய்க்கு மட்டும் கொஞ்சம் உதவும்.

மஞ்சள் கறையில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவந்துபோகும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் குங்கும நிறம் வருவதும் இதே காரத்தன்மையால்தான். ஈரத்துணியும் ஆகாது: மைக்கூட்டுப் பேனா எழுத்து தண்ணீரில் கரையும். பால்பாயின்ட் எழுத்து தண்ணீருக்கு அசையாது, ஆனால் கிருமிநாசினித் திரவம் தடவிய ஈரக் கையோடு தொட்டால் இழுவும். எதற்கும் அசையாதது பென்சில்.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. எண்ணெய் ஊறிய பக்கம் எதிர்ப்பக்கத்தையும் கெடுக்கும். நடுவில் ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள், சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். செய்தித்தாள் வைக்கக் கூடாது. அதன் அமிலம் தாளைப் பழுப்பாக்கும், மையும் ஒட்டும்.

எழுத்தே புரியவில்லை. 'மிளகாய் அ', 'முட்டை சு' என்றெல்லாம் இருக்கிறது.

அவை தமிழ் எண்கள். ௧ என்பது 'க' போலவும், ௨ 'உ' போலவும், ௫ 'ரு' போலவும், ௬ 'சு' போலவும், ௭ 'எ' போலவும், ௮ 'அ' போலவும், ௰ 'ய' போலவும் இருக்கும். ஆக மிளகாய் எட்டு, முட்டை ஆறு. பக்கத்தின் உச்சியில் தனியாக நிற்கும் 'உ' மட்டும் இரண்டு என்ற எண் இல்லை. அது பிள்ளையார் சுழி.

கணக்கு எழுதிப் பழகிய குடும்பங்கள் என்பதால் பேரேட்டுக் குறிகள் சமையல் நோட்டுக்கும் வந்துவிடும். ௸ என்பது மேற்படி. '௸ மாவில் உப்புப் போட்டு' என்றால் மேலே சொன்ன அதே மாவில். கால் என்பதற்கு 'வ' போன்ற குறி. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு, மாகாணி பதினாறில் ஒரு பங்கு. அரைக்கால் படியும் ஓர் ஆழாக்கும் ஒன்றே.

எழுத்துச் சீர்திருத்தம் 1978-ல் வந்தது. அதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்கள் 'கடலை'யில் லை-யை யானைத் துதிக்கை போன்ற வளைவு போட்டு எழுதுவார்கள். 'இறால்', 'அன்னாசிப்பூ' இவற்றில் றா-வும் னா-வும் கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து வளைந்திருக்கும். இந்த மூன்று சொற்களைப் புத்தகத்தில் தேடிப் பிடித்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டால் மீதி தானாகப் படிக்க வரும்.

படியெடுக்கும்போது அவர் எழுதிய எழுத்தைத் திருத்தாதீர்கள். 'பனியாரம்' என்றிருந்தால் அப்படியே இருக்கட்டும்.

படி, ஆழாக்கு, பலம், வீசை இவற்றை இப்போதைய அளவுக்கு எப்படி மாற்றுவது?

முகத்தல் அளவில் 8 ஆழாக்கு ஒரு படி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கில் ஆழாக்கு 168 மில்லி, படி 1,344 மில்லி. ஓர் ஆழாக்குப் பச்சரிசி தலைதட்டி அளந்தால் சுமார் 140 கிராம் நிற்கும்.

ஆனால் இதை அப்படியே நம்பி இறங்க வேண்டாம். படி ஊருக்கு ஊர் மாறியது. பட்டணம் படி வேறு, சின்னப் படி வேறு. மெட்ரிக் அளவு வந்தபின் எழுதிய பக்கங்களில் 'படி' என்றால் கடைக்காரரின் ஒரு லிட்டர் படியாகவும் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பித்தளை ஆழாக்கோ இரும்புப் படியோ எங்காவது கிடக்கும். பெரும்பாலும் சீர்ச் சாமானோடு சாமான் அறையில். அதைத் தேடி எடுத்துத் தண்ணீர் நிரப்பி, அந்தத் தண்ணீரை டிஜிட்டல் தராசில் நிறுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி அட்டைக்குள் செருகிவிடுங்கள். புத்தகத்தோடு அந்த ஆழாக்கையும் சேர்த்துக் கேட்டு வாங்குவது இன்னும் உத்தமம்.

நிறுத்தல் அளவில் ஒரு தோலா 11.66 கிராம், அதாவது பழைய வெள்ளி ரூபாயின் எடை. மூன்று தோலா ஒரு பலம், 35 கிராம். எட்டுப் பலம் ஒரு சேர், 280 கிராம். ஐந்து சேர் ஒரு வீசை, 1.4 கிலோ.

பர்மாவில் இருந்த குடும்பம் என்றால் ஒரு கண்ணி இருக்கிறது. பர்மா வீசை 1.63 கிலோ. மலேயாவில் எழுதிய குறிப்பில் 'கட்டி' என்ற எடை வந்தால் அது சுமார் 605 கிராம். எல்லாப் பொருளும் வீசையிலேயே இருந்தால் விகிதம் தப்பாது. மாவு படியிலும் கருப்பட்டி வீசையிலும் இருந்தால்தான் பலகாரம் கெடும். ஆறில் ஒரு பங்கு இனிப்பு கூடும் அல்லது குறையும். அந்த மாதிரிப் பக்கத்தில் முதலில் கால் பங்கு அளவில் செய்து பாருங்கள்.

'காலணாவுக்குக் கொத்தமல்லி' என்பதை மாற்ற வழியே கிடையாது. அதே புத்தகத்தில் அதே போன்ற இன்னொரு குழம்பைப் பார்த்து அளவை ஊகிக்க வேண்டியதுதான்.

சில குறிப்பில் அளவே இல்லை. அல்லது இருந்தும் தெளிவில்லை.

எழுதியவருக்குத் தெரிந்ததை அவர் எழுதவில்லை, அவ்வளவுதான். வழக்கமாக விடுபடுபவை இவை.

வெறும் 'அரிசி' என்றால் பலகாரத்தில் பச்சரிசி, இட்லி தோசையில் புழுங்கல். 'தேங்காய் ஒரு மூடி' பாதித் தேங்காய். அரை மூடி என்றால் கால் தேங்காய். 'பூண்டு ஒன்று' என்பது பல்லா முழுப் பூண்டா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். குழம்பு என்றால் முழுப் பூண்டுதான், ஆனால் நாட்டுப் பூண்டு. இன்றைய மலைப்பூண்டில் ஒன்று அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். மிளகாயை எண்ணிப் போடாமல், ஒருமுறை சரியாக வந்ததும் எடையாகக் குறித்துக்கொள்ளுங்கள். குண்டு மிளகாய் பத்தும் நீட்டு மிளகாய் பத்தும் ஒன்றாகாது.

'மண்டி' என்று வந்தால் அரிசி கழுவிய தண்ணீரில் செய்வது. முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவது தண்ணீரை எடுக்க வேண்டும். இப்போது வரும் அரிசி நன்றாகத் தீட்டியது, தண்ணீர் நீர்த்துப் போகும். அரிசியைக் கொஞ்சம் அழுத்திப் பிசைந்து கழுவினால் கெட்டியாகக் கிடைக்கும்.

அதிகம் ஏமாற்றுவது 'மாவு' என்ற சொல். அதிரசம், சீப்புச்சீடை போன்றவற்றில் அது அரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பி, கையில் பிடித்தால் ஈரம் தெரியும்போதே இடித்த மாவு. கடையில் வாங்கும் உலர்ந்த மாவைப் போட்டால் அது பாகை உறிஞ்சிக்கொண்டு அதிரசம் கல்லாகிவிடும். பாகு இளகலாக இருந்தாலோ எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும். 'தக்காளிப் பதம்' என்று எழுதியிருந்தால், ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டுக் கூட்டிச் சேர்த்தால் பழுத்த தக்காளி போல மெத்தென்று உருள வேண்டும் என்று அர்த்தம்.

கவுனி அரிசிக் குறிப்பில் 'சீனி சேர்த்து வேகவைத்து' என்று சுருக்கமாக எழுதியிருப்பார்கள். அதை வரிசையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவே ஊறவைத்து, அரிசி குழைய வெந்தபிறகுதான் சீனி. முன்னாலேயே போட்டால் எவ்வளவு நேரமானாலும் அரிசி மேற்கொண்டு வேகாது.

வெள்ளைப் பணியாரம் புத்தகப்படியே செய்தும் சரியாக வரவில்லை. 'அரிசி தலைதட்டி, மேலே உளுந்து கோபுரமாக' என்று மட்டும் இருக்கிறது.

முழு அளவும் அதுதான். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி நிரப்பி, அதன்மேலேயே உளுந்தைக் குவித்து, சரியத் தொடங்கும்வரை கோபுரமாக ஏற்ற வேண்டும். ஓர் ஆழாக்குக்கு ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி உளுந்து நிற்கும்.

தவறு நடப்பது பாத்திரத்தில். கோபுரத்தின் அளவை வாய் அகலம் தீர்மானிக்கிறது. வாய் அகன்ற டீக்கப்பில் அளந்தால் அரிசி குறைவு, உளுந்து அதிகம். பணியாரம் வடை மாதிரி உப்பி எண்ணெய் குடிக்கும். ஒடுங்கி உயர்ந்த டம்ளரில் அளந்தால் உளுந்து போதாது. பணியாரம் தட்டையாகி ஓரம் விறைத்துவிடும். நிறையச் செய்யும்போதும் பெரிய படிக்கு மாறாதீர்கள். அதே ஆழாக்கால் எட்டு முறை அளப்பது படியால் ஒருமுறை அளப்பதைவிட நிச்சயமானது.

மீதி விவரம் புத்தகத்தில் இருக்காது. இரண்டு மணி நேரம் ஒன்றாக ஊறவையுங்கள். வெண்ணெய் போல அரைக்க வேண்டும், நெருடல் இருக்கக் கூடாது. மிக்ஸி என்றால் சூடேறாமல் இருக்கக் குளிர்ந்த தண்ணீர் தெளித்து, விட்டு விட்டு அரையுங்கள். தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாகக் கரைக்கும்போது தண்ணீருக்குப் பதில் கொஞ்சம் காய்ச்சிய பால் சேர்க்கலாம். உப்பு, சிட்டிகை சீனி. சீனி கூடினால் வெள்ளை நிறம் போய்ச் சிவந்துவிடும். அரைத்த மாவைப் புளிக்க விடாமல் உடனே சுட வேண்டும். குழிகரண்டியால் எண்ணெயின் நடுவில் ஒரே ஊற்று, ஒரு நேரத்தில் ஒன்று. மேலெழும்பியதும் திருப்பி, நிறம் மாறும் முன் எடுத்துவிடுங்கள். தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையல்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஆயா கைப்பக்குவம் வரவில்லையே?

விறகடுப்பு, அம்மி, ஆட்டுக்கல் என்று காரணங்கள் பல. அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சரிசெய்ய முடிந்த காரணம் ஒன்று உண்டு: புத்தகம் அவருக்கு ஞாபகச் சீட்டு மட்டுமே, பக்குவம் கையில் இருந்தது.

அவர் இருக்கிறார் என்றால் இப்போதே செய்ய வேண்டியது இது. 'எவ்வளவு உப்பு ஆயா?' என்று கேட்காதீர்கள்; 'வேணுங்கிற அளவுதான்' என்றுதான் பதில் வரும். உப்பு ஜாடியைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பாட்டுக்கு எடுத்துப் போடட்டும். பிறகு மறுபடி நிறுத்தால் எவ்வளவு எடுத்தார் என்று தெரிந்துவிடும். எண்ணெய்த் தூக்கு, புளி டப்பா, மிளகாய்த்தூள் எல்லாவற்றுக்கும் இதே வழி. 'நெல்லிக்காய் அளவு புளி' என்பது அவர் கையில் எத்தனை கிராம் என்பது இப்படித்தான் தெரியும். கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் சட்டியைப் பார்க்க நிறுத்தி வையுங்கள், சத்தத்தோடு. எண்ணெய் ஓசை அடங்கும் நேரத்தில் 'இப்பப் போடு' என்பார். அந்த ஓசைதான் குறிப்பு.

அவர் இல்லை என்றால் அவரோடு அடுப்படியில் நின்றவர்களைக் கேளுங்கள். பெண்மக்களைவிட அந்த வீட்டில் நெடுநாள் சமைத்தவருக்குத்தான் அநேகமாக அதிகம் தெரிந்திருக்கும். அவரை யாரும் கேட்பதில்லை.

எந்தக் காலத்தில் எழுதியது என்று கண்டுபிடிக்க முடியுமா?

முதல் பக்கத்தில் தமிழ் வருஷப் பெயர் இருக்கும். அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். ஜய வருஷம் என்றால் 1954-55 அல்லது 2014-15. எது என்பதைப் பக்கங்களே சொல்லும். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. அதன்பிறகு நயா பைசா. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. 'சென்னை மாநிலம்' என்றிருந்தால் 1969-க்கு முந்தியது. காரைக்குடி, தேவகோட்டை முகவரியில் இராமநாதபுரம் மாவட்டம் என்றிருந்தால் பெரும்பாலும் 1985-க்கு முந்தியது. அந்த ஆண்டுதான் மாவட்டம் பிரிந்தது. பழக்கத்தால் பழைய பெயரையே பிறகும் எழுதியவர்கள் உண்டு, ஆகவே ஒரே சாட்சியை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

ஒரே புத்தகத்தில் மை மாறும், கை மாறும். அப்பத்தா தொடங்கி மருமகள் முடித்த நோட்டுகள் நிறைய.

நோட்டின் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்துத் தாள்கள் கழன்று வருகின்றன.

நடுவில் பின் அடித்த பள்ளிக்கூட நோட்டு என்றால் வீட்டிலேயே சரிசெய்யலாம். நடுப்பக்கத்தை விரித்துப் பின்னின் கால்களுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள், தாள் கிழியாதிருக்க. மழுங்கிய கத்தியால் கால்களை நிமிர்த்தி, வெளிப்பக்கமாகப் பின்னை இழுத்து எடுங்கள். துரு தூளாக உதிர்ந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளுங்கள்.

பிறகு தையல். மடிப்பில் மூன்று துளை வேண்டும். மேலும் கீழும் பழைய பின் துளைகள், நடுவில் புதிதாக ஒன்று. வெள்ளைப் பருத்தி நூல், உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே, மேல்துளை வழியே உள்ளே, உட்புறமாகவே கீழ்த்துளைக்கு இறங்கி வெளியே, மறுபடி நடுத்துளை வழியே உள்ளே. உட்புறம் ஓடும் நீள நூலின் இருபக்கமும் நூலின் இரு முனைகளும் வரும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள். இறுக்கி இழுத்தால் நூல் தாளை அறுக்கும்.

கிழிசலுக்கு செலோடேப் வேண்டவே வேண்டாம். சில ஆண்டில் டேப் உதிர்ந்து பசை மட்டும் பழுப்பாகத் தாளுக்குள் இறங்கிவிடும். கிழிசல் வளரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வளர்ந்தால் மெல்லிய டிஷ்யூத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும்: ஒரு பங்கு ஸ்டார்ச், ஐந்து பங்கு தண்ணீர், சிறு தீயில் கண்ணாடி போல் ஆகும்வரை கிண்டி, ஆறவைத்து வடிகட்டியது. எழுத்தின் மேல் படாமல் ஓரத்தில் மட்டும். மைதாப் பசை பூச்சிக்கு விருந்து.

லேமினேட் செய்துவிடலாமா?

கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது.

ராமபாணம், கரையான் வராமல் எப்படி வைப்பது? ஊரில் வீடு பூட்டியே கிடக்கிறது.

பூட்டிய வீட்டில் வைக்காதீர்கள். இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. விசேஷத்துக்கு மட்டும் திறக்கும் வீட்டில் ஐப்பசி, கார்த்திகை மழைச் சாரல் வளவு எனும் உள்முற்றத்துக்குள் இறங்கி, அறைக்குள் காற்றோட்டமும் இல்லாமல் கிடந்தால், பெட்டகத்துக்குள் இருந்தாலும் தாளில் பூஞ்சை பூத்துவிடும். புத்தகம் நீங்கள் குடியிருக்கும் வீட்டில் இருக்கட்டும்.

கஞ்சி போடாத, துவைத்த காடாத் துணியில் சுற்றிப் படுக்கை வாக்கில் வையுங்கள். சாயத் துணி ஈரம் பட்டால் நிறம் விடும். அடுப்படி அலமாரி, வெயில் காயும் பரண், சுவரை ஒட்டிய பீரோ மூன்றும் ஆகாது. வேப்பிலையோ வசம்போ வைப்பதானால் தனித் துணிமுடிச்சில் புத்தகத்துக்கு வெளியே வையுங்கள். பக்கத்துக்குள் வைத்த இலை தன் வடிவத்தைத் தாளில் பதித்துவிடும். அந்துருண்டை நெடி தாளில் ஏறி, திறப்பவர் மூச்சுக்கும் கெடுதல்.

பூச்சி ஏற்கெனவே இருந்தால் வெயிலில் காயப்போடாதீர்கள். பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி, ஒட்டி மூடி, மைனஸ் 18 டிகிரி காட்டும் ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்தபின் ஒருநாள் முழுக்கப் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். உடனே பிரித்தால் தாள் மேல் தண்ணீர் வேர்க்கும். உள்ளே புகைப்படம் ஒட்டியிருந்தால் இந்த வழி வேண்டாம்.

படம் எடுத்தால் பின்பக்க எழுத்தும் சேர்ந்து தெரிகிறது.

எண்ணெய் ஊறிய தாள் ஊடுருவித் தெரியும். எடுக்கும் பக்கத்துக்கு அடியில் ஒரு கறுப்புத் தாள் வைத்தால் பெருமளவு மறையும். வளவில் நேர்வெயில் படாத நிழலில், காலை பத்து மணி வாக்கில் வெளிச்சம் சரியாக இருக்கும். ஃபிளாஷ் வேண்டாம். கைப்பேசி பக்கத்துக்கு நேர் மேலே, சாயாமல். வெற்றுப் பக்கங்களையும் விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப் பென்சில் எழுத்து போய்விடும், டாகுமென்ட்டாக அனுப்புங்கள். ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் இருக்கட்டும்.

அக்கா தங்கை மூன்று பேர். புத்தகம் யாருக்கு?

தாளைப் பிரித்துப் பங்கு போட்ட வீடுகள் உண்டு. அது மட்டும் வேண்டாம். மூலம் சமைக்கிறவரிடம் போகட்டும், மூத்தவர் என்பதற்காக மட்டும் கொடுக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு வண்ணப் படியெடுத்து, சுருள் கம்பி போட்டுக் கட்டிய பிரதி. கறையோடும் ஓரக்குறிப்போடும் அப்படியே எடுக்க வேண்டும், தட்டச்சு செய்து அழகுபடுத்திய பிரதி பின்னால் தனியாக வரலாம். அடுப்படியில் பிரதியைப் பயன்படுத்துங்கள், மூலம் துணிக்குள் இருக்கட்டும். அடுத்த தலைமுறைக் கல்யாணத்தில் சீர்ச் சாமான் பரப்பும்போது ஒரு பிரதியையும் வைக்கிறார்கள் சிலர்; நல்ல வழக்கம்.

அச்சுப் புத்தகம் என்றால் ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் பதிப்புரிமை ஆசிரியர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டு நீடிக்கும். ஓரக்குறிப்பு உங்கள் குடும்பத்தினுடையது, அச்சடித்த பகுதி அப்படி இல்லை. முழுப் புத்தகத்தையும் ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள்.

விற்றால் விலை போகுமா? நூலகத்துக்குக் கொடுக்கலாமா?

விலை போகாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பித்தளைக்கும் மரத்துக்கும் எனாமலுக்கும் உள்ள கிராக்கி எண்ணெய் பிடித்த நோட்டுக்கு இல்லை. வீட்டைக் காலி செய்யும்போது பழைய காகிதத்தோடு மூட்டையாகப் போய்விடுவதுதான் வழக்கம். மூட்டை கட்டும் முன் பேரேடுகளைப் புரட்டிப் பாருங்கள், பின்பாதியில் சமையல் குறிப்பு இருக்கலாம்.

குடும்பத்தில் வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் நூலகத்தைக் கேட்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்களும் அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும் அவர் 1992-ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் சிதறாமல் தப்பி, 1994-ல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகமாயின. எந்த நூலகமானாலும் முதலில் படங்களைக் காட்டிக் கேளுங்கள். எழுதியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். அது இல்லாமல் கொடுத்தால் பெயர் தெரியாத நோட்டாகவே கிடக்கும்.

'100 பேருக்கு' என்று எழுதிய கல்யாணப் பட்டியலை பத்துப் பேருக்கு எப்படிக் குறைப்பது?

பருப்பு, காய், கறி, அரிசி இவற்றைப் பத்தால் வகுக்கலாம். தண்ணீரை வகுக்கக் கூடாது. சின்னச் சட்டியில் அளவுக்கு மேற்பரப்பு அதிகம், சீக்கிரம் சுண்டும். வகுத்து வருவதைவிடக் கொஞ்சம் கூடவே வேண்டும். தாளிக்கும் எண்ணெயும் அப்படியே. பட்டை, கிராம்பு, கல்பாசி, மராத்தி மொக்கு ஆகியவற்றை வகுத்து வருவதில் முக்கால் பங்கு முதலில் போட்டு, வாசம் பார்த்துக் கூட்டுங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். பொரிக்கும் எண்ணெய்க்கு ஆள் கணக்கே கிடையாது, வாணலியின் ஆழம்தான் கணக்கு.

புத்தகத்தில் நாங்களும் எழுதலாமா?

எழுதலாம், பென்சிலில். உங்கள் பெயரின் முதல் எழுத்தும் ஆண்டும் பக்கத்தில் இருக்கட்டும், எது யார் கை என்று பிறகு குழம்பாது. பழைய எழுத்தின் மேல் ஓட்டி எழுதாதீர்கள், மங்கியிருந்தாலும். ஜெல் பேனாவும் ஹைலைட்டரும் வேண்டாம். இடம் இல்லாவிட்டால் தனிச் சீட்டில் எழுதி அந்தப் பக்கத்தில் செருகுங்கள்; குண்டூசி குத்த வேண்டாம், துருப்பிடிக்கும்.